முரண்டு பிடிக்கும் பூனைக்கு உறுத்தாத லிட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?

என் பூனை பொட்டு, தன் கழிப்பு டிரேயின் விளிம்பில் நான்கு கால்களையும் குவித்து வைத்துக்கொள்வாள். கம்பி மேல் நடப்பவரைப் போல உடம்பைச் சமன் செய்தபடி சிறுநீர் கழித்துவிட்டு ஒரே தாவலில் வெளியே ஓடிவிடுவாள். உள்ளே இருக்கும் லிட்டரில், அதாவது பூனை கழிப்பதற்காக டிரேயில் கொட்டி வைக்கும் மண் போன்ற பொருளில், கால் படக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். தப்பித் தவறிப் பட்டுவிட்டால், அந்த ஒரு பாதத்தை மட்டும் தூக்கி இரண்டு மூன்று முறை உதறுவாள். இரண்டு வாரம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுத்தம் பார்க்கும் பூனை என்று நினைத்துவிட்டேன். மூன்றாவது வாரம் குளியலறை வாசலில் கிடந்த மிதியடி ஈரமாக இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் என் தலையணை.

வீட்டில் எல்லோரும் "திமிரு", "பழிவாங்குது" என்றார்கள். பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. கால் வைக்கவே கூசும் ஓர் இடத்தை விட்டு, கால் வைக்க இதமான இடத்தைத் தேடிப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஒவ்வொரு லிட்டராக மாற்றிப் பார்த்துக் கற்றதை இங்கே எழுதுகிறேன். முதல் முறையாகப் பூனை வளர்ப்பவர்கள் நான் பட்ட சுற்று இல்லாமல் நேராகப் போகலாம்.

முதல் படி: கடைக்குப் போகும் முன் டாக்டரிடம்

டிரேயை விட்டு வெளியே போகும் பூனைக்கு முதலில் தேவை வேறு லிட்டர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரில் படிகம், மலச்சிக்கல், வயதான பூனைக்கு மூட்டுவலி என எதுவானாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: டிரேயைத் தவிர்க்கும். வலியோடு சிறுநீர் கழிக்கும் பூனை, அந்த வலியை டிரேயோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். இங்கே வந்தால் வலிக்கும் என்று பதிந்துவிட்டால், நோய் குணமான பிறகும் பழைய டிரேயை நெருங்காது. அப்போது டிரே, லிட்டர், இடம் மூன்றையும் புதிதாக வைத்துத் தொடங்க வேண்டியிருக்கும்.

ஆண் பூனை வளர்ப்பவர்கள் இதை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப டிரேயில் போய் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை, கத்துகிறது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. இரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.

பொட்டுவுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. டாக்டர் கேட்டார்:

"டிரேயில என்னம்மா போடறீங்க?"

"லாவெண்டர் வாசனை போட்டது டாக்டர். சின்ன ஃபிளாட், வீடு நாறக்கூடாதேன்னு."

"நீங்க நின்னுகிட்டு மோந்து பாக்கறீங்க. அது மூக்கை வெச்சுகிட்டே தோண்டுதும்மா. வீட்டுக்குப் போய் ஒரு தடவை குனிஞ்சு பாருங்க."

போய்க் குனிந்து பார்த்தேன். தரையில் முழங்கால் போட்டு, முகத்தை டிரேக்கு அரை அடி உயரத்தில் கொண்டுபோய் லிட்டரைக் கையால் கிளறினேன். வாசனைத் திரவம் மூக்கில் ஏறிக் கண் எரிந்தது. மெல்லிய வெண்புகை போலத் தூள் எழும்பி என் மூக்குக்கண்ணாடியில் படிந்தது. தினமும் நான்கைந்து முறை அவள் அதற்குள் முகத்தை விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மூடிப்போட்ட டிரே வேறு.

இரண்டாம் படி: மூன்று நாள் பாதத்தைக் கவனியுங்கள்

எதையும் வாங்காமல் மூன்று நாள் கவனியுங்கள். லிட்டர் பிடித்த பூனை உள்ளே போனதும் முகர்ந்து, முன்காலால் நன்றாகத் தோண்டி, வேலை முடிந்ததும் திரும்பி நின்று நிதானமாக மூடும். பிடிக்காத பூனை தோண்டாது. தோண்டினாலும் லிட்டரை விட்டுவிட்டு டிரேயின் ஓரத்தையோ பக்கத்துச் சுவரையோ பிறாண்டும். விளிம்பில் ஏறி நிற்கும், பாதத்தை உதறும், மூடாமல் ஓடும். எல்லாப் பூனையும் எல்லா நேரமும் மூடாது என்பது உண்மைதான். ஆனால் முன்பெல்லாம் மூடிக்கொண்டிருந்த பூனை திடீரென்று நிறுத்தினால் காரணம் இருக்கிறது.

வெளியே எங்கே போகிறது என்பதும் ஒரு பதில்தான். மிதியடி, துணிக்குவியல், மெத்தை என்று தேடினால் பாதத்துக்கு மெத்தென்று இருப்பது வேண்டும் என்று பொருள். டைல்ஸ் தரை, கை கழுவும் தொட்டி, குளியலறை மூலை என்று போனால் வழுவழுப்பாக இருப்பது பிடிக்கிறது; லிட்டரை மிகக் குறைவாகப் போட்டுப் பாருங்கள். பூந்தொட்டிக்குப் போகும் பூனைக்கு நுண்ணிய மண் போன்ற பரப்பு வேண்டும். பொட்டு மூன்று முறையும் துணியைத்தான் தேடினாள். எனக்கு வழி காட்டியது அதுதான்.

பிறகு, அது தூக்கக் கலக்கத்தில் மடியில் கிடக்கும்போது பாதத்தை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே சிவந்திருக்கிறதா? களிமண் தூள் ஈரத்தோடு சேர்ந்து காய்ந்து ஒட்டியிருக்கிறதா? பாதத்தையே ஓயாமல் நக்குகிறதா? நீள முடிப் பூனைகளுக்கு விரலிடுக்கிலும் முடி இருக்கும்; அதில் சிக்கும் சிறு கட்டிகள் கல் மாதிரி இறுகிக் குத்தும். டிரேயை விட்டு வந்ததும் தும்மல், கண்ணில் நீர் இருந்தால் தூள் அல்லது வாசனையைச் சந்தேகியுங்கள். கழுத்தை நீட்டி உடம்பைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு இருமினால், முடி உருண்டை கக்கப் பார்க்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பூனைக்கும் ஆஸ்துமா வரும்; அதைத் தூண்டுவதில் லிட்டர் தூளும் வாசனையும் முக்கியமானவை. இருமுவதைக் கைபேசியில் படமெடுத்து டாக்டரிடம் காட்டினால், வாயால் விவரிப்பதைவிட வேலை சுலபமாகும்.

மூன்றாம் படி: எது எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேல்மாடி அக்கா என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல சாம்பலைத்தான் கொட்டி வெப்போம் பாப்பா. அதுக்குப் போய் இத்தனை காசா?" என்றார். அவர் சொன்னதில் வரலாறு இருக்கிறது. 1947 வரை அமெரிக்காவிலும் பலர் சாம்பலையும் மணலையும்தான் போட்டார்கள். மிச்சிகன் மாநிலத்தின் கசோபோலிஸ் என்ற சிற்றூரில் எட்வர்ட் லோ என்பவர், பட்டறைத் தரையில் கொட்டும் எண்ணெயை உறிஞ்சப் பயன்படும் களிமண் குருணையை விற்றுக்கொண்டிருந்தார். சாம்பல் போட்ட பூனை வீடெங்கும் கரிக்கால் தடம் பதிக்கிறது, கொஞ்சம் மணல் கிடைக்குமா என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டுவந்தபோது, மணலுக்குப் பதில் அந்தக் களிமண்ணைக் கொடுத்தார். அதிலிருந்துதான் கடையில் வாங்கும் லிட்டர் பிறந்தது. சாம்பல் இன்றைக்கும் வேண்டாம். ஈரம் பட்டால் காரத்தன்மை ஏறிப் பாதத்தையும், நக்கும்போது நாக்கையும் எரிக்கும். சுண்ணாம்புத் தூள் அதைவிட மோசம்.

ஆற்று மணல் கிடைத்தால் பாதத்துக்குப் பிடிக்கும். ஆனால் அது எதையும் உறிஞ்சாது. சிறுநீர் அடியில் தேங்கி இரண்டே நாளில் அம்மோனியா நெடி கிளம்பும். கட்டடம் கட்ட வாங்கும் எம்-சாண்டைப் போடவே போடாதீர்கள். அது கருங்கல்லை உடைத்து அரைத்தது; துகள்கள் கூர்மையாக இருக்கும், தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கட்டியாகும் களிமண்: பெரும்பாலான கடைகளில் முதலில் எடுத்துக் கொடுப்பது இதுதான். பென்டோனைட் என்ற களிமண் நீரைக் குடித்துப் பல மடங்கு உப்பி இறுகிக்கொள்ளும். 1984இல் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர் இதைப் பூனைக்குப் பயன்படுத்தலாம் என்று கண்ட பிறகே, கட்டியை மட்டும் அள்ளிப் போடும் வழக்கம் வந்தது. நம் நாட்டில் குஜராத்தின் கச்சுப் பகுதியில் இந்த மண் ஏராளமாக வெட்டி எடுக்கப்படுகிறது. வீட்டுப்பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். ஆகவே மணல் போல நுண்ணிய, வாசனையில்லாத, கட்டியாகும் லிட்டரைத்தான் பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. முரண்டு பிடிக்கும் பூனைக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். குறை ஒன்றே ஒன்று, தூள். அது பைக்குப் பை வேறுபடும். வீட்டிலேயே சோதிக்கலாம்: வெயில் விழும் சன்னலோரம் கறுப்புத் துணியை விரித்து, ஒரு கைப்பிடி லிட்டரை ஓர் அடி உயரத்திலிருந்து கொட்டுங்கள். வெயில் கீற்றில் எவ்வளவு புகை மிதக்கிறது, துணியில் எவ்வளவு வெள்ளை படிகிறது என்று பாருங்கள். "99% டஸ்ட் ஃப்ரீ" என்று பையில் அச்சடித்திருப்பதைவிட இந்தத் துணியை நம்புங்கள்.

கட்டியாகும் களிமண்ணுக்கு இன்னொரு பயன் உண்டு, பலரும் பேசுவதில்லை. சிறுநீர் பட்டு இறுகிய கட்டிகளை எண்ணலாம். வளர்ந்த பூனை நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு கட்டி வரை வைக்கும். திடீரென்று கட்டி பெரிதாகிக்கொண்டே போனால் சிறுநீரகம், நீரிழிவு பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். கோலிக்குண்டு அளவில் குட்டிக் குட்டியாகப் பல இருந்தால் சிறுநீர்ப் பாதையில் கோளாறு இருக்கலாம். வேறெந்த வழியிலும் இவ்வளவு சீக்கிரம் உங்களுக்கு இது தெரியவராது.

டோஃபு லிட்டர்: சோயாப்பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கையை அச்சில் பிழிந்து, சிறு குச்சிகளாக வெட்டியது. பார்ப்பதற்கு உடைந்த ஓமப்பொடி போல இருக்கும். தூள் மிகக் குறைவு. தும்மல், இருமல் உள்ள பூனைக்கு நல்லது. பாதத்தில் சிக்குவதும் குறைவு. ஆனால் உருளைக் குச்சியின் மேல் நிற்பதைச் சில பூனைகள் விரும்பாது. வாங்கினால் குச்சி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. இதே குணமுள்ள மரவள்ளிக்கிழங்கு லிட்டர் மணல் போன்ற நுண்ணிய துகளாகவே கிடைக்கிறது. டோஃபுவில் கால் வைக்காத பூனை இதில் வைக்கக்கூடும். இவை இரண்டும் உணவுப் பொருளால் ஆனவை என்பதால் நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த பை ஒரு வாரத்திலேயே முடை நாற்றம் அடிக்கலாம். அரிசி டிரம் போல இறுக மூடும் டப்பாவில் கொட்டி வையுங்கள். மற்றொன்று எறும்பு. எறும்பு வந்துவிட்டது என்று டிரேயைச் சுற்றி எறும்பு சாக்பீஸில் கோடு போட்டுவிடாதீர்கள்! அதில் இருக்கும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி பூனைக்கு நஞ்சு. காலில் ஒட்டும், நக்கும், நடுக்கமும் வலிப்பும் வரலாம்.

மர உருளை: பைன் மரத்தூளை அழுத்திச் செய்தது. விலை குறைவு, நாற்றத்தை நன்றாக அடக்கும். ஆனால் பருமனான, கடினமான உருளைகள். பாதம் கூசும் பூனைக்கு இது ஏற்றதல்ல. மர வாடையே பிடிக்காத பூனைகளும் உண்டு. மரக்கடையில் கிடைக்கும் பச்சை மரத்தூளை நேராகப் போடுவதும் சரியல்ல, மரத்தின் எண்ணெயும் பிசினும் அதில் அப்படியே இருக்கும்.

சிலிக்கா கிரிஸ்டல்: புதுப் பை, செருப்புப் பெட்டிக்குள் வரும் சிறு பொட்டலத்தில் இருக்கும் அதே பொருள். ஈரத்தை உறிஞ்சும்போது சன்னமாகச் சடசடக்கும். அந்தச் சத்தத்துக்கே பயந்து ஓடிய பூனைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கோணல்மாணலான கிரிஸ்டல் பாதத்தில் குத்தும். வாங்குவதாக இருந்தால் உருண்டை வகையாகப் பாருங்கள். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தையே குடித்துச் சீக்கிரம் நிறைந்துவிடும்.

காகித உருளை: மெத்தென்று இருக்கும், தூள் கிடையாது. கருத்தடை அறுவைக்குப் பிறகோ பாதத்தில் புண் இருக்கும்போதோ டாக்டர்கள் இதைத்தான் சொல்வார்கள், தையலில் ஒட்டாது என்பதால். நாற்றத்தைத் தாங்காது, அடிக்கடி மொத்தமாக மாற்ற வேண்டும். கிடைக்காத ஊரில், புண் ஆறும்வரை செய்தித்தாளைக் கிழித்துப் போட்டுச் சமாளிக்கலாம்.

எதை எடுத்தாலும் பையில் "அன்சென்டட்" (வாசனை சேர்க்காதது) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எலுமிச்சை, லாவெண்டர், ஆப்பிள், காபி எல்லாம் நம்மைக் கவர்வதற்காகச் சேர்ப்பவை. எலுமிச்சை, ஆரஞ்சு வாடையே பூனைக்குப் பிடிக்காது. பூனை வரக்கூடாத இடத்தில் ஆரஞ்சுத் தோலை வைப்பவர்கள் இருக்கிறார்கள்; அதே வாடையை அதன் டிரேயில் போட்டால் எப்படி வரும்? கரித்தூள் சேர்த்த வகைகள் வேறு. கரி நாற்றத்தை உறிஞ்சுகிறதே தவிரத் தானாக மணப்பதில்லை, அது பரவாயில்லை.

நான்காம் படி: சிறிதாக வாங்குங்கள், பூனையே தேர்ந்தெடுக்கட்டும்

தள்ளுபடி விலை என்று 10 கிலோ மூட்டையை வாங்கி, பூனை அதைத் தொடாமல் போனால் அத்தனையும் வீண். கிடைப்பதிலேயே சிறிய பையாக இரண்டு வகை வாங்குங்கள். பூனை வளர்க்கும் தோழியிடம் ஒரு டப்பா கேட்டு வாங்கினாலும் சரி. ஒரே மாதிரி இரண்டு டிரேக்களை அருகருகே வையுங்கள். ஒன்றில் இது, மற்றதில் அது. தினமும் எதில் எத்தனை முறை போனது என்று நாட்காட்டியில் கோடு போடுங்கள். மூன்று நாள் கழித்து டிரேக்களின் இடத்தை மாற்றி வையுங்கள். இல்லையென்றால் பூனைக்குப் பிடித்தது லிட்டரா, அந்த மூலையா என்று தெரியாமல் போகும். ஒரு வாரத்தில் விடை வந்துவிடும்.

என் வீட்டு நாட்காட்டியில் வாசனையில்லாத நுண்களிமண்ணுக்கு 19 கோடு, டோஃபுவுக்கு 4. அந்த 4இல் மூன்று, களிமண் டிரேயை நான் அள்ள மறந்த நாளில் விழுந்தவை.

பூனை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்த பிறகு, பழையது கொஞ்சமாவது பழகியிருந்தால், ஒரேயடியாக மாற்றாதீர்கள். பழைய லிட்டரில் கால் பங்கு புதியது, இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால். பத்து நாளில் முழுக்க மாறிவிடலாம். இடையில் வெளியே போனால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். பொட்டுவைப் போலப் பழையதை அடியோடு வெறுத்த பூனைக்கு மட்டும் இந்தக் கலப்பு வேண்டாம். அங்கே புது டிரேயில் புது லிட்டர்தான் சரி.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்பதை அழுத்திச் சொல்வேன். லிட்டர், டிரே, இடம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்று உங்களுக்கும் தெரியாது, பூனையும் குழம்பும். வலியோ வெறுப்போ பழைய டிரேயோடு ஒட்டிக்கொண்டுவிட்ட பூனைக்கு மட்டுமே எல்லாவற்றையும் புதிதாக்குவது.

ஐந்தாம் படி: டிரே சரியில்லாமல் லிட்டரைக் குறை சொல்லாதீர்கள்

நல்ல லிட்டரைச் சின்ன டிரேயில் போட்டால் பலன் இல்லை. பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். கடையில் விற்பவை பெரும்பாலும் இதைவிடச் சிறியவை. பாத்திரக் கடையில் கிடைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப்போ, கட்டிலுக்கடியில் வைக்கும் துணிப் பெட்டியோ போதும். ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடுங்கள். மூடி வேண்டாம். மூடிக்குள் தூளும் நெடியும் அடைந்து நிற்கும், நாற்றம் நமக்குத் தெரியாததால் அள்ளவும் மறந்துவிடுவோம்.

லிட்டர் இரண்டு மூன்று அங்குல ஆழம் இருக்கட்டும். ஒரு பூனைக்கு இரண்டு டிரே, இரண்டுக்கு மூன்று என்பது கணக்கு. ஒற்றைப் படுக்கையறை வீட்டில் கடினம்தான், இரண்டாவதை எங்கேயாவது வைக்கப் பாருங்கள். வாஷிங் மெஷின் பக்கம் வைக்காதீர்கள், அது திடீரென்று அதிர ஆரம்பித்தால் பூனை மறுபடி அந்த இடத்துக்கு வராது. சாப்பாட்டுக் கிண்ணத்தின் அருகிலும் வேண்டாம்.

ஆறாம் படி: அள்ளுவதும் கழுவுவதும்

காலையிலும் இரவிலும் அள்ளுங்கள். கட்டியாகும் லிட்டர் என்றால் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கொட்டி டிரேயைக் கழுவலாம். கட்டியாகாதது என்றால் வாரம் ஒருமுறை.

கழுவும்போது ஃபினாயில் வேண்டாம். நம் வீடுகளில் இதுதான் மிகப் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன், காரணம் சுத்தம் என்றாலே நமக்கு அந்த வாடைதான். ஃபீனால் வகைப் பொருள்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பாதத்தில் பட்டு, அதை நக்கி, உள்ளே போனால் சேரும். டெட்டால், பைன் எண்ணெய் கலந்த தரை திரவங்களும் இதில் அடங்கும். பிளீச்சிங் பவுடரும் கூடாது. சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயுவை எழுப்பும். வெந்நீர், வாசனையில்லாத சோப்பு, நன்றாக அலசி வெயிலில் காயவைத்தல், இது போதும். நாற்றத்துக்கென்று டிரே பக்கத்தில் அந்துருண்டையோ கற்பூரமோ வைக்காதீர்கள், இரண்டுமே பூனைக்கு விஷம்.

ஏற்கெனவே நனைந்த மிதியடி, மெத்தைக்கு, சிறுநீரைச் சிதைக்கும் நொதி கலந்த என்சைம் கிளீனர் வாங்குங்கள். சாதாரண சோப்பு நம் மூக்குக்கு வாடையைப் போக்கும், பூனையின் மூக்குக்குப் போக்காது. வாடை மிஞ்சிய இடம் அதற்குக் கழிப்பிடம்தான். என் தலையணையைத் தூக்கித்தான் போட வேண்டியிருந்தது.

இன்னும் சில

மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். வயிற்றுக்குள் உப்பும் களிமண்ணை அதற்குத் தராதீர்கள். காகித உருளை அல்லது கட்டியாகாத வகை போடுங்கள். மூட்டு வலியுள்ள கிழப் பூனைக்கு லிட்டரை நுண்ணியதாகவும், டிரேயின் வாயில் விளிம்பை மூன்று அங்குல உயரத்துக்கு மேல் போகாமலும் வையுங்கள்.

விலையைக் கிலோவுக்கு எவ்வளவு என்று பார்க்காமல், பை திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வைத்து எத்தனை நாள் வந்தது என்று கணக்கிடுங்கள். நன்றாக இறுகும் லிட்டரில் கட்டி உடையாமல் வரும், மிச்சம் சுத்தமாக இருக்கும், அதனால் கூடுதல் நாள் வரும். மலிவானதில் கட்டி ஸ்கூப்பிலேயே உதிர்ந்து மொத்தமும் நாறிவிடும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையை விரட்ட வேண்டும் என்று சொல்வார்கள். எத்தனையோ பூனைகள் இப்படித் தெருவுக்குப் போயிருக்கின்றன, தேவையே இல்லாமல். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிதான் அந்தப் பயத்துக்குக் காரணம். நோயுள்ள பூனையின் மலத்தில் அது வெளியேறினாலும், தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். ஆகவே தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து பெருமளவு குறைகிறது. அந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். ஆளில்லை என்றால் கையுறை போட்டு அள்ளி, சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள், வெளியே வேட்டைக்கு விடாதீர்கள்.

அள்ளியதைக் கழிவறையில் கொட்டாதீர்கள், அப்படிக் கொட்டலாம் என்று லிட்டர் பையின் மேல் அச்சடித்திருந்தாலும். களிமண் குழாயிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். ஃபிளாட் என்றால் கீழ் வீட்டுக்காரர் வரை பிரச்சினை. செய்தித்தாளில் இறுகச் சுற்றி, தனிப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். தோட்டத்து உரக்குழியிலும், குறிப்பாகக் கீரைப் பாத்தியிலும், வேண்டாம்.

பொட்டுவுக்கு இப்போது மூன்று வயது. மூடியில்லாத நீல டப், மூன்று அங்குலம் வாசனையில்லாத நுண்களிமண், வெளியே வரும் வழியில் பாதத்தூளைத் தட்டிவிட ஒரு தேங்காய் நார் மிதியடி. காலை ஆறு மணிக்கு நான் அள்ளி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். லிட்டரைச் சமன்படுத்தி எழுந்ததும் உள்ளே இறங்கி, நான்கு பாதங்களையும் முழுதாக ஊன்றித் தோண்டத் தொடங்குவாள்.